ஊட்டி சாக்லேட் விற்க: ஆன்லைன் தளமா, வாட்ஸ்அப்பா?

வீட்டில் சாக்லேட் செய்யும் ஊட்டிப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்.

செலவு: அமேசான் போன்ற தளத்தில் கமிஷன் பிடிப்பார்கள். வாட்ஸ்அப்பில் கூரியர் காசு மட்டும்.

பதிவு: 2023 அக்டோபர் முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம், ஜிஎஸ்டி இணையதளத்தில் வாங்கும் சேர்க்கை எண் (enrolment number) போதும். ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். பெங்களூருக்கு அனுப்ப இரண்டிலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு (FSSAI) எங்கே விற்றாலும் இரண்டிலும் வேண்டும்.

புகார்: 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிப்படி, வாங்கியவரின் புகார் கிடைத்ததாகத் தளம் 48 மணி நேரத்தில் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பொறுப்பு முழுக்க நம்முடையது.

வெயில்: மேட்டுப்பாளையம் தாண்டினாலே உருகும். ஏப்ரலில் நான் அனுப்பிய பெட்டி, காகிதத்தோடு ஒட்டிய ஒரே கட்டியாகப் போய்ச் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் என்றால் மாலை வண்டி பார்த்து அனுப்பலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வாட்ஸ்அப். தினமும் ஐம்பது பெட்டி போனால் தளம்.