எம்.ஜி.ஆர். பாதையா, என்.டி.ஆர். பாதையா?

திரையிலிருந்து முதல்வர் நாற்காலிக்குப் போனவர்களில் இந்த இருவரையும் ஒரே தட்டில் வைப்பது வழக்கம். போன வழி வேறு.

எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்து, மேலவை உறுப்பினர், பரங்கிமலை எம்.எல்.ஏ., கட்சிப் பொருளாளர் என்று படிப்படியாக ஏறியவர். 1972-இல் கட்சியின் வரவு செலவுக் கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்டபோது, ரசிகர் மன்றங்களோடு தேர்தல் வேலை தெரிந்த கட்சிக்காரர்களும் கூடவே வந்தார்கள். மறு ஆண்டே அவர் தொடங்கிய அ.தி.மு.க. திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்தும், கோட்டைக்குப் போக 1977 வரை காத்திருந்தார்.

என்.டி.ஆருக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம், 1983 ஜனவரியில் முதல்வர். பழைய செவர்லே வேனை 'சைதன்ய ரதம்' ஆக்கி, காக்கி உடையில் அதன் மேல் நின்று ஊர் ஊராகப் பேசினார். ஐந்தாண்டுக்குள் நான்கு முதல்வர்களை ஆந்திராவுக்குக் கொடுத்திருந்த டெல்லி காங்கிரஸ் மீதான கோபம் அந்த வேனுக்கு முன்னால் திரண்டது.

வேகத்துக்கு விலை உண்டு. 1984-இல் சொந்த அமைச்சர் பாஸ்கர ராவ் நாற்காலியைப் பறித்தார். ஒரு மாதத்தில் மீட்டார். 1995-இல் மருமகன் சந்திரபாபு நாயுடு பறித்தது திரும்பவே இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியையும் 1980-இல் கலைத்தார்கள்தான், ஆனால் கலைத்தது டெல்லி. உள்ளே இருந்து யாரும் அவரைக் கவிழ்க்கவில்லை. என் ஓட்டு அந்த நிதானத்துக்கே. கட்சி உடைந்ததெல்லாம் அவர் போன பிறகு.