எஸ்டிமேட் போட எக்செல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று முறை எஸ்டிமேட் போட வேண்டியிருக்கும்: பிளான் முடிவாகும் முன், வரைபடம் கைக்கு வந்த பிறகு, வேலை நடக்கும்போது. வீடு, சிறிய அடுக்குமாடி அளவுக்கு மூன்றுக்கும் எக்செல் போதும். ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி உழைக்காது.

முதல் கட்டத்தில் வேலை ஒரு வரிதான்: சதுர அடியை ரேட்டால் பெருக்குவது. இங்கே எக்செலின் குறை, கடைசி ரூபாய் வரை எண்ணைக் காட்டி, உத்தேசக் கணக்கைத் துல்லியமானதாக நம்பவைப்பது. ரவுண்ட் ஃபார்முலாவில் -5 கொடுத்து லட்சத்துக்கு முழுமையாக்கிக் காட்டுங்கள். காம்பவுண்டு சுவர், சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவை சதுர அடி ரேட்டில் அடங்கியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தனி வரியாகப் போடுங்கள். பட்ஜெட் முதலில் உதைப்பது இங்கேதான்.

எக்செல் உண்மையிலேயே ஜொலிப்பது இரண்டாம் கட்டத்தில். எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு என்று ஐந்து காலம் (column, செங்குத்து வரிசை) போட்டால், ஒவ்வொரு வேலையின் அளவையும் கணக்கிடும் மெஷர்மென்ட் ஷீட் தயார். சுவர் கட்டு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிக்க, அவற்றுக்கான வரியில் எண்ணிக்கையை -1 என்று போட்டால் எக்செலே கழித்துக்கொள்ளும். கம்பி எடைக்கு, மி.மீ.-இல் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.889.

தப்பு நடக்கும் இடங்களும் இதே ஷீட்டில்தான். 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று அடித்தால் எக்செல் வாய் திறக்காது. சரியான எண் 10.5. எனவே அடிக்கும் அங்குலத்துக்கும் தனித்தனி காலம் வைத்து, அங்குலத்தை 12-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். வேறு ஃபைலிலிருந்து ஒட்டிய எண் சில சமயம் எழுத்தாகவே உட்கார்ந்துவிடும். சம் ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மொத்தத்துக்கு ஒட்டி மேலே புது வரி செருகினால் அதுவும் விடுபடலாம். மொத்தத்துக்கு மேல் ஒரு காலி வரி விட்டு, அதையும் ஃபார்முலாவுக்குள் சேர்த்து, புது வரிகளை அதற்கு மேலே செருகினால் இந்தத் தொல்லை இல்லை. உள்மொத்தம், பெருமொத்தம் இரண்டுக்கும் சப்டோட்டல் ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள். பெருமொத்தத்தில் உள்மொத்தங்களை இரட்டிப்பாக எண்ணாது என்ற ஒரே காரணத்துக்காகவே அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

வேலை நடக்கும் கட்டத்தில் எக்செல் சுமார்தான். பலரும் மொத்த எஸ்டிமேட்டிலிருந்து கொடுத்த பணத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாக்கிச் செலவு என்று எழுதுகிறார்கள். அஸ்திவாரக் கான்கிரீட் 24 கன மீட்டர் என்று போட்டது, மண் சரியில்லாமல் ஆழம் கூடி 29 ஆகிவிட்டால், அந்தக் கழித்தல் அதை மறைத்துவிடும். மேல் வேலை ஒரு செங்கல்கூடக் குறையவில்லை, அதற்கான பணம் மட்டும் குறைந்திருக்கும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எஸ்டிமேட் அளவு, முடிந்த அளவு, இனி வேண்டிய அளவு என்று மூன்று காலம் வையுங்கள். மூன்றாவதைக் கழித்தல் ஃபார்முலாவிடம் விடாமல், வரைபடத்தைப் பார்த்துக் கையால் நிரப்ப வேண்டும். அதை இன்றைய ரேட்டால் பெருக்கி, முடிந்த வேலையின் செலவோடு கூட்டினால் வருவதுதான் உண்மையான மொத்தம்.

பழைய ஷீட்டின் மேலேயே திருத்துவதை எக்செல் தடுக்காது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஃபார்முலாக்களை மதிப்புகளாக ஒட்டி, தேதியோடு தனிப் பிரதி எடுத்துப் பூட்டிவிடுங்கள்.