நரம்புக் கடத்தல் பரிசோதனை மையம்: இரண்டு முறை சென்ற அனுபவம்

தோட்டத்தில் அரை நாள் குந்தியபடியே களை பறித்துவிட்டு எழுந்தபோது, வலது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடக்கையில் செருப்பின் நுனி தரையில் இடறியது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டை ஒட்டித் தோலுக்கடியிலேயே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று கூறிய மருத்துவர், நரம்பில் மின்துடிப்பு கொடுத்து அது எப்படிக் கடந்து செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே எங்கள் ஊரிலுள்ள தனியார் மையம் ஒன்றுக்குச் சென்றுவிட்டேன்.

பரிசோதனை செய்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. கால் சில்லிட்டிருந்தால் நரம்பின் வேகம் குறைவாகப் பதிவாகும் என்பதால், முதலில் வெந்நீர்ப் பையை வைத்துப் பாதத்தைச் சூடாக்கினார்கள். கணுக்காலிலும் முண்டுக்குக் கீழும் மின்துடிப்பு கொடுத்தபோது புறங்காலின் சிறு தசை துள்ளியது. முழங்காலின் பின்புறம் கொடுத்தபோது அசைவே இல்லை எனலாம்; இடையில், முண்டுக்கருகே துடிப்பு தடைபடுகிறது என்று பொருள். ரப்பர் வளையத்தால் சுண்டியது போன்ற வலிதான், அஞ்ச வேண்டியதில்லை.

குறை அறிக்கையில்தான் இருந்தது. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற காப்பு உறைக்கு மட்டுமே பாதிப்பு, உள்ளே ஓடும் ஆக்சான் என்ற இழை நலம் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். பாதிப்பு ஏற்பட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. உறை மட்டும் சிதைந்திருந்தால், அந்த உறையை உருவாக்கும் ஷ்வான் செல்கள் சில வாரங்களில் அதை மீண்டும் சுற்றிவிடும். ஆக்சானே அறுந்திருந்தால், அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதும் அழியத் தொடங்க, அதுவரை மயலினைப் போர்த்திக் காத்த அதே ஷ்வான் செல்களே அதைத் துண்டு துண்டாக உடைத்து, மிச்சத்தை அகற்ற விழுங்கணுக்களையும் வரவழைக்கின்றன. 1850இல் ஆங்கிலேய உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்த இந்தச் சிதைவு ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. அறுந்த துண்டு சில நாள்கள் வரை மின்தூண்டலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்றாம் நாள் பதிவில் இரண்டு பாதிப்புகளும் ஒன்றுபோலவே தெரியும்.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் மறுபடி அனுப்பினார். இம்முறை தசையில் ஊசி செலுத்தியும் பார்த்ததில், ஆக்சான்களில் ஒரு பகுதி அழிந்திருப்பது புலப்பட்டது. அவை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே மீண்டும் வளரும் என்பதால், குணமாகும் வாரக்கணக்கு மாதக்கணக்காயிற்று. கட்டணத்தை இரண்டாம் முறையும் முழுமையாகவே வாங்கினார்கள்.

கருவியும் கைத்திறனும் நன்று. எந்த நாளில் செல்வது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். பாதிப்பு தொடங்கிய தேதியையும் பதிவுப் படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதற்கென ஒரு கட்டம் இரண்டாம் முறை சென்றபோதும் அதில் இல்லை.