பட்டினியா, ஜிம்மா, ஊசியா, அடுக்களையா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, ‘இந்த விடுமுறைக்குள் பத்து கிலோ குறைக்கப் போகிறேன்’ என்று பிள்ளை அறிவித்தால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். இரவுச் சோற்றை நிறுத்து என்பார் பாட்டி. ஜிம்முக்கு வா என்பான் அண்ணன். ஏதோ ஊசி வந்திருக்கிறதாமே என்பார் மாமா. அம்மா ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றுவார். என் ஓட்டு அம்மாவுக்கு.

முதலில், குறைக்கத்தான் வேண்டுமா? உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணில், பெரியவர்களுக்கான அளவை வளரும் பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தை வைத்துத்தான் குழந்தைநல மருத்துவர் பார்ப்பார். இந்தியப் பிள்ளைகளுக்கென்றே 2015இல் வெளியான வரைபடம் இருக்கிறது. உயரம் கூடிக்கொண்டிருக்கும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும். கழுத்தில் கருமை படர்ந்திருந்தாலோ மாதவிடாய் தள்ளிப்போனாலோ, யோசனை கேட்பதை விட்டுவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டினிதான் வேகமானது. முதல் வாரத்திலேயே தராசு இறங்கும். இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். காலையில் வெறும் வயிறு, மதியம் இரண்டு வாய் என்று இருந்த பிள்ளை மாலை நான்கு மணிக்கு பேக்கரி வாசலில் நிற்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பதின்வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது போன்ற வழிகளில் இளைக்க முயன்றவர்கள், ஐந்தாண்டு கழித்து மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பருத்திருந்தார்கள். உணவுக் கோளாறுகளும் அவர்களிடம் அதிகம். ரத்தசோகை சகஜமான நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வழி இரட்டை நஷ்டம்.

ஜிம்மைப் பற்றி ஒரு பொய்யை முதலில் கழித்துவிடலாம்: முறையான பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால், எடை தூக்குவதால் வளர்த்தி நின்றுவிடாது. தசைக்கும் மனத்துக்கும் நல்லதுதான். ஆனால் இளைப்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. அரை மணி நேர ஓட்டத்தை ஒரு முட்டை பப்ஸ் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டணமும், கூடவே தலையில் கட்டப்படும் புரோட்டீன் மாவும் தனிச் செலவு. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளும் இறகுப்பந்தும் போதும், கணக்கு ஆசிரியர் பி.டி. பீரியடை விட்டுக்கொடுத்தால்.

ஊசியைக் கேலி செய்ய மாட்டேன். பசியைக் குறைக்கும் செமாகுளூடைட் என்ற ஊசி மருந்துக்கு, உடல் பருமன் உள்ள 12 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கென அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதி தந்தது. 201 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களுக்கு 68 வாரங்களில் பி.எம்.ஐ. சராசரியாக 16 சதவீதம் இறங்கியது. மற்ற மூன்று வழிகளும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. குமட்டல், வாந்தி உண்டு. நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பும் அதிகம். கடுமையான பருமனோடு நோயும் சேர்ந்த பிள்ளைக்கு, நிபுணர் கண்காணிப்பில் இது வரம். அக்கா கல்யாண ஃபோட்டோவுக்காக ஐந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு அல்ல.

அடுக்களை வழி மெதுவானது, பெருமையடிக்கவும் ஒன்றுமில்லை. தட்டில் சோறு பாதி, பொரியல் இருமடங்கு. முறுக்குக்குப் பதில் சுண்டல். குளிர்பானத்துக்குப் பதில் மோர். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களே நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தூக்கமும் இதில் சேர்த்தி. எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டிய வயதில் விடியற்காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால், பகலெல்லாம் பசிதான்.

இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. தம்பிக்கு முறுக்கு, அக்காவுக்கு வெள்ளரிக்காய் என்றால் அதன் பெயர் தண்டனை. ‘குண்டு’ என்ற சொல்லும் வீட்டில் விளையாட்டுக்குக்கூட எழக் கூடாது. இரண்டுக்கும் பிள்ளை ஒரே நாளில் சம்மதித்துவிடும். மாலை ஆறு மணிக்கு பஜ்ஜிப் பொட்டலத்தோடு வரும் அப்பாவுக்குத்தான் நாளாகும்.