டிவிடெண்டுக்கு எது: எஸ்டிஐ நிதியா, எஸ் அண்ட் பி 500 நிதியா?

எஸ்டிஐ நிதி சிங்கப்பூரின் 30 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்டது; எஸ் அண்ட் பி 500 நிதி அமெரிக்காவின் ஏறக்குறைய 500 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்டது. இரண்டையும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே வாங்கலாம். எஸ்பிடிஆர் என்ற பெயரில் வரும் எஸ்டிஐ நிதி ஆண்டுக்கு இருமுறை டிவிடெண்ட் (லாபப் பங்கு) தரும். எஸ்பிடிஆர் எஸ் அண்ட் பி 500 காலாண்டுக்கு ஒருமுறை. அது பெரிய விஷயமில்லை. கைக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

எஸ்டிஐ டிவிடெண்டுக்குத் தனிநபர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அமெரிக்க நிதியில் 30% வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் இல்லை. 100 டாலரில் 70 தான் நமக்கு.

அப்புறம், ஈல்டு சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். கடந்த 12 மாத டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்த எண் அது. யூனிட் 4 வெள்ளி, டிவிடெண்ட் 16 காசு என்றால் 4%. விலை 3.20 வெள்ளிக்குச் சரிந்தால் அதே 16 காசு 5% ஆகிவிடும். கூடுதலாக ஒரு காசும் வரவில்லை!

அதனால் பழைய டிவிடெண்ட் பட்டியலை வெள்ளிக் கணக்கில், ஆண்டுவாரியாகப் பாருங்கள். எஸ்டிஐயில் ஏறக்குறைய பாதி டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகள்தான். 2020-இல், டிவிடெண்டை முந்தைய ஆண்டின் 60 சதவீதத்துக்குள் வைக்கும்படி உள்ளூர் வங்கிகளைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் கேட்டுக்கொண்டது. 2021-இல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது.

ஓய்வுபெற்ற பெற்றோருக்குக் கைச்செலவுக்குப் பணம் வேண்டுமா? என் தேர்வு எஸ்டிஐ. எஸ் அண்ட் பி 500-ஐ வளர்ச்சிக்காக வாங்குங்கள், டிவிடெண்டுக்காக வேண்டாம்.