பால் ஜாயிண்ட் மட்டும் மாற்றலாமா, முழு லோயர் ஆர்மா?

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று சத்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பகுதி) நடுவே சின்னக் கடப்பாரையை விட்டு நெம்பினால் இரண்டையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் மேலும் கீழும் ஆடுகிறது. அதை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸும் மண்ணும் சேர்ந்து கருப்புக் களியாக அப்பியிருக்கிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஜாயிண்டுக்குள் இருக்கும் குண்டு அதன் கிண்ணத்தை விட்டுக் கழன்றால், ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும்.

ஜாயிண்ட் போல்ட் போட்டு மாட்டும் வகை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, அதை மட்டும் மாற்றுங்கள். ஆர்முக்குள் அழுத்தி இறக்கிய வகையில்தான் குழப்பம்.

ஜாயிண்ட் மட்டும் வாங்கினால் செலவு குறைவு, அது உண்மை. ஆனால் பழையதைத் தள்ள பிரஸ் வேண்டும். வீட்டில் வைஸும் சாக்கெட்டும் வைத்து முயன்று, முடியாமல் சுத்தியலை எடுத்தேன். ஜாயிண்ட் வந்தது, துளையின் விளிம்பு நசுங்கியதால் புதியது இறுக்கமாக உட்காரவில்லை. கடைசியில் ஆர்மையே வாங்கினேன். உங்கள் ஆர்ம் புஷ் (ஆர்மைச் சட்டத்தில் மாட்டும் இடத்து ரப்பர்) இன்னும் நன்றாக இருந்தால், ஆர்மைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் கொடுங்கள். சில நிமிட வேலை. சர்க்ளிப் (ஜாயிண்டை நழுவாமல் பிடிக்கும் வளையம்) இருந்தால் முதலில் எடுக்கவும், புதியதில் மறக்காமல் போடவும். தளர்ந்த ஜாயிண்டை வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

முழு ஆர்ம் விலை கூடுதல்தான். ஆனால் புது புஷ்ஷும் கூடவே வருகிறது, பிரஸ் வேலையே இல்லை. வண்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் புஷ்ஷும் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் செய்கிறவருக்கு நான் சொல்வது ஆர்ம்தான்.

கழற்றும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் ஜாயிண்டின் தண்டை நக்கிளில் ஒரு கிளாம்ப் போல்ட் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும்; தண்டில் இருக்கும் பள்ளத்தில்தான் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் நெம்பி நெம்பிக் களைத்தவர்கள் உண்டு. கூம்புத் தண்டு வகை என்றால் புல்லர் (திருகி அழுத்திக் கழற்றும் கருவி) நல்லது. இடையில் அடித்துப் பிரிக்கும் கவட்டைக் கருவி வேகமாக வேலை செய்யும், ஆனால் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். ஜாயிண்டைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

எந்த வழியானாலும் வண்டியைத் தாங்குவது ஸ்டாண்டாக இருக்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கையைக்கூட விட வேண்டாம். நக்கிளை வெளியே இழுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கூடவே உருவி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்காதீர்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கேறாமல் நெடுநாள் உழைக்கும். அடுத்த நாளே வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.