பந்துக்கு மட்டுமா, ஓட்டத்துக்கும் சேர்த்தா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊரில் நாலரை ஏக்கர் மைதானம் இருக்கிறது. அதைக் கால்பந்துக்கு மட்டும் விடுவதா, சுற்றிலும் ஓட 400 மீட்டர் டிராக் போட்டு இரண்டுக்குமாக வைப்பதா என்று கமிட்டியில் ஒரு வருடம் இழுத்தது. கடைசியில் இரண்டும் என்றே முடிவானது. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், ஆகவே என் பேச்சு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

கால்பந்துக்கு மட்டும் என்றால் செலவு குறைவு. 105-க்கு 68 மீட்டர், இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். மூங்கில் கேலரியைத் திடலின் எல்லைக் கோட்டை ஒட்டியே கட்டலாம். செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) பார்த்து வளர்ந்த ஊருக்கு அந்த நெருக்கம்தான் ஆட்டமே.

டிராக் வந்தால் அது போய்விடும், மறைப்பதற்கில்லை. கோல் கோட்டிலிருந்து டிராக்கின் உள்விளிம்புக்கே 26 மீட்டர். எட்டுப் பாதைக்கு இன்னொரு பத்து மீட்டர். கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச்சில் சென்னை சிட்டி, மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் பட்டம் வாங்கிய அன்று பஸ் பிடித்துப் போயிருந்தோம். வளைவுப் பக்கம் உட்கார்ந்ததால், எதிர்முனையில் விழுந்த கோலைக் கூட்டம் கத்தியதை வைத்துத்தான் புரிந்துகொண்டோம். (பட்டம் பட்டம்தான், அதில் குறையில்லை.)

ஆனால் மைதானம் கேலரிக்காரர்களுக்கு மட்டுமா? பந்தாடுகிறவர்கள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வருவார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே நடக்க வருகிற அக்காமார்கள், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டியது அந்த வட்டம்தான். 2019, 2022, 2023 என்று மாநிலப் பள்ளித் தடகளத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் பாலக்காடு. நீளம் தாண்டும் ஸ்ரீசங்கரின் ஊரும் அதுதான். அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகள் ஒழுங்கான ஒரு வளைவில் ஓடிப் பார்க்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது.

சரி, உண்மையான சண்டை பராமரிப்பில்தான் வந்தது. டிராக் என்றதும் பாதிப் பேர் சிந்தெடிக் (ரப்பர் போன்ற செயற்கைத் தளம்) என்றார்கள். பார்க்க அழகு, ஓட வேகம். ஆனால் 13 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தோல் அது. நடுவில் கால்பந்து நடந்தால் பூட்ஸ் ஆணிகளோடு ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பாய் விரிக்க வேண்டும், விரிக்க ஆள் வேண்டும். வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், கலைநிகழ்ச்சி மேடைக்கு லாரியை அதன்மேலேயே ஏற்றினார்கள். அடுத்த மழைக்கு டிராக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒட்டுப்போடவும் வெளியிலிருந்து ஆள் வர வேண்டும்.

நாங்கள் மண் டிராக் போட்டோம், அதுவும் ஆறு பாதையோடு. மண் பெயர்ந்தால் ஒரு லோடு மண், ஒரு நாள் ரோலர், சுண்ணாம்புக் கோடு, அவ்வளவுதான். ஊர் ஆட்களே செய்துகொள்ளலாம்.

ஒரு தப்பு செய்தோம். கால்பந்துத் திடலை நடுவில் லேசாக உயர்த்தித்தான் போடுவார்கள், தண்ணீர் ஓரத்துக்கு வடிய. அந்த ஓரம்தான் டிராக்கின் முதல் பாதை! இடையில் வடிகால் வெட்டாமல் விட்டதால் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இரண்டு வாரம் அங்கே நாற்று நடலாம் போல இருந்தது. அப்புறம்தான் வெட்டினோம். இந்தக் கிழக்குப் பக்கம் மழை குறைவு, அதனால் தப்பித்தோம். மழை கொட்டும் ஊர்களில் மண் எப்படித் தாங்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எங்களுடையது ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டு சிந்தெடிக்கில் பழக இன்னமும் பாலக்காடு போகத்தான் வேண்டும்.

நடுத்திடலுக்குச் செயற்கைப் புல் வேண்டும் என்ற இளைஞர்களோடு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. தண்ணீர்ச் செலவு மிச்சம் என்கிறார்கள், போர்வெல்லைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அதில் ஈட்டி குத்தக் கூடாது. இப்போதைக்குப் புல்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஈட்டிக்கு, குழியை மூடுவது எறிந்தவர் பொறுப்பு.